சீர் வந்தது, பிள்ளை வரவில்லை

ஓட்டைப் புரட்டியதும் குப்பென்று ஒரு நெடி கிளம்பும். ஓராண்டுத் தூசியும், அணில் கொண்டுவந்து திணித்த தேங்காய் நாரும், பழைய சுண்ணாம்பும் கலந்த அந்த வாசனை இன்றும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. கோடை விடுமுறை முடியும் தறுவாயில், கன்னிவாடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தின் கூரைமேல் ஆண்கள் எல்லாரும் ஏறி, உடைந்த ஓடுகளைக் கழித்துப் புது ஓடு வேய்வார்கள். ‘ஓடு மாத்துறது’ என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் நாங்கள் கீழே வரிசையாக நின்று ஓடுகளைக் கைமாற்றிக் கொடுப்போம், தும்முவோம், திட்டு வாங்குவோம். அந்தப் பள்ளிக்கூடத்தைத்தான், படிக்கப் பிள்ளை இல்லை என்று, அடுத்த ஆண்டு மூடப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

கூரைமேல் ஏறியவர்களில் தென்னந்தோப்புக்காரரும் இருந்தார், அவர் தோட்டத்தில் மல்லிகை பறிக்கப் போகிறவரும் இருந்தார். இருவரின் பிள்ளைகளும் அதே ஓட்டுக்குக் கீழேதான் உட்கார்ந்தார்கள். “ஒழுகுனா ஒருத்தன் பிள்ள தலையில மட்டுமா ஒழுகும், ஏறுங்கப்பா” என்பார் எங்கள் அய்யா. ‘ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்ற பழமொழியை அவர் வாய் ஓயாமல் சொல்வார். அப்போது அது எனக்கு அலுப்பாக இருந்தது. இப்போது அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பிரம்படிக்குக் குறைவில்லை, கழிப்பறை கிடையாது, வெளியே தெருவில் யார் எந்தக் கிணற்றில் தண்ணீர் மொள்ளலாம் என்பதற்கு வெட்கங்கெட்ட சட்டமெல்லாம் இருந்தது. ஆனால் ஒன்று சொல்வேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் புழு கிடந்தது. அது கிடந்தது தோப்புக்காரர் மகனின் தட்டில். மறுநாள் காலையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, திண்டுக்கல்லுக்கு முதல் பஸ் ஏறிப் போய் அதிகாரியின் வாசலில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரமே அரிசி மாறியது. பூப்பறிக்கிறவர் மகளும் அந்த நல்ல அரிசியைத்தான் தின்றாள். அவள் தட்டில் மட்டும் புழு கிடந்திருந்தால் யார் பஸ் ஏறியிருப்பார்கள்? வாய் இருக்கிறவன் பிள்ளையும் வாய் இல்லாதவன் பிள்ளையும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் பள்ளிக்கூடம் உருப்படும் என்று நான் அடித்துப் பேசுவது இதனால்தான்.

இப்போது எங்கள் ஊருக்குள் விடிந்ததும் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் வந்துவிடுகின்றன. வசதி உள்ளவர்களின் பிள்ளைகளை முதலில் அள்ளிப் போயின. பிறகு, “அவுக பிள்ள மட்டும்தான் டை கட்டணுமா” என்று கடன் வாங்கியவர்களின் பிள்ளைகளும் ஏறிப்போனார்கள். என் தம்பியும் தன் மகனை ஏற்றிவிட்டான். ஏண்டா என்று கேட்டால், “அங்க போனா இங்கிலீசு வரும்லக்கா” என்கிறான். அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற பெண் யார் தெரியுமா? எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, அரசு வேலை கிடைக்காமல், அரைச் சம்பளத்துக்கு அங்கே போய் நிற்கிற எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்தான். நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. என் மகளைத் திண்டுக்கல்லில் அரசுப் பள்ளிக்குத்தான் அனுப்பினேன், அதற்காகச் சொந்தக்காரர்களிடம் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல.

இந்தக் கூத்துக்கு நடுவே போன மாதம் ஊரில் கல்விச் சீர் நடந்தது. கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதுபோலவே, பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய சாமான்களை ஊர்க்காரர்கள் மேளதாளத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. நானும் போயிருந்தேன். கொட்டுக்காரர்கள் முன்னால் போக, பெண்கள் தட்டுகளில் தேங்காய், பழம், பேனா, பென்சில் ஏந்தி வந்தார்கள். பின்னால் மின்விசிறி, பீரோ, வண்ண வண்ண நாற்காலிகள். என் தம்பி பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து வந்தான். வேனில் போகிற பிள்ளைகளெல்லாம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வாசலில் சந்தனம், குங்குமத்தோடு நின்ற தலைமையாசிரியை ஒட்டன்சத்திரத்துக்காரர். எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு, “சீரெல்லாம் நிறைவா வந்துருச்சுங்க. பொண்ணு மாப்பிள்ளையத்தான் காணோமுங்க, எப்பக் கூட்டிட்டு வருவீங்க?” என்று கேட்டார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. எனக்குச் சிரித்தவர்களை அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று ஆத்திரமாக வந்தது.

ஐந்தாம் வகுப்பில் இருப்பது ராசாத்தி என்ற ஒரே பெண். சடுகுடு ஆடலாம் என்றால் எதிரில் நிற்க ஆள் கிடையாது. தனியாகவே வாய்ப்பாடு சொல்கிறாள், டீச்சர் அவள் ஒருத்திக்காகவே போர்டில் எழுதுகிறார். அவளுக்குக் கீழே ஒரு தங்கை, இரண்டாம் வகுப்பு. பள்ளியை மூடினால் அந்தச் சின்னது, லாரி ஓடுகிற ரோட்டைத் தாண்டி அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். “அம்புட்டுத் தூரம் யாரு கொண்டுபோய் விடுறது? ரெண்டையும் வீட்டுல உக்காத்தி வச்சுப் பூக்கட்ட விட்டுருவேன்” என்று அவர்கள் அம்மா மல்லிகா என்னிடம் சொன்னாள். மல்லிகா பூப்பறிப்பது என் தம்பியின் தோட்டத்தில்தான்.

பந்தி முடிந்து எல்லாரும் கிளம்புகிற நேரம். மல்லிகா சின்ன மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என் தம்பியின் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணே, ஒங்க வீட்டுப் பிள்ளைய இங்க போட்டீகன்னா மத்தவுகளும் போடுவாக. இஸ்கூலு நிக்கும்ணே.”

என் தம்பி கெட்டவன் இல்லை. அவளுடைய பெரிய மகள் வயதுக்கு வந்தால் முதல் ஆளாகச் சேலை எடுத்துக்கொண்டு போய் நிற்பான். அவன் அவளுடைய சின்ன மகளின் தலையைத் தடவிக்கொடுத்தான்.

“அத மட்டும் கேக்காதத்தா. இன்னும் ரெண்டு நாற்காலி வேணும்னா சொல்லு, நாளைக்கே வாங்கிப் போடுறேன்.”

ஊருக்காக ஓடிய மனிதர்கள் ஒழிந்துபோய்விட்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொடுக்கிற கை இன்னும் இருக்கிறது. தன் பிள்ளையையும் அங்கே உட்காரவைக்கிற மனசுதான் போய்விட்டது. அன்று நான் வெளியே வரும்போது எட்டிப் பார்த்தேன். உட்கார ஆள் இல்லாத அந்த வகுப்பறையில், ராசாத்தி புது நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.