லேத்துக்காக மதுரைக்கு

ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்கு நானும் என் மனைவி பேச்சியும் எழுமலையில் பஸ் ஏறினோம். உசிலம்பட்டி எட்டு மைல். அங்கிருந்து மதுரை இருபத்து மூன்று மைல். ஆளுக்கு ஏழணா. டிரைவர் பழக்கமானவர்.

"பிரேக்கு நல்லா பிடிக்குமாண்ணே?" என்றேன்.

"போன தடவையும் இதத்தான் கேட்ட மாப்ள. போய்ச் சேந்தியா இல்லையா?"

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சைக்கிள் கடை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. வேலை ஓய்ந்தால் பித்தளைக் குழாயை அறுத்து டார்ச் லைட் செய்து பார்ப்பது என் பைத்தியம். பேச்சி ஊரில் பேறு பார்க்கிறவள். வாதம் வந்து அவள் கட்டைவிரல் இரண்டும் விறைத்துப்போயின. கடையில் விற்கிற டார்ச் லைட்டின் விசையைத் தள்ளினால் உயிர் போகிறது என்பாள். வைகாசியில் ஓர் இரவு, அரிக்கேன் விளக்கு காற்றில் அணைந்து, வரப்பிலிருந்து வாய்க்காலில் விழுந்துவிட்டாள். அதிலிருந்து பொழுது சாய்ந்தால் யார் கூப்பிட்டாலும் போவதில்லை. பிள்ளைகள் பகலில்தான் பிறக்குமா? கூப்பிட வந்தவர்கள் திரும்பிப் போகிற அன்றைக்கு அவள் சாப்பிடுவதில்லை.

விசையே இல்லாமல், அடிமூடியை உள்ளங்கையால் திருகினால் எரிகிற லைட் ஒன்று செய்துவிட்டால் தீர்ந்தது. அதற்கு, குழாயும் மூடியும் பொருந்துகிற திருகு மரை சுத்தமாக விழவேண்டும். நான் அரத்தால் ராவிய மரை ஆடுகிறது. வெளிச்சம் கண் சிமிட்டுகிறது. பித்தளையைக் கடைந்து மரை போட ஒரு சின்ன லேத்து, அதாவது கடைசல் எந்திரம், வேண்டும். சீமையில் சண்டை வரும், இரும்பு விலை ஏறும் என்று வேறு பேச்சு. எனக்கு நாலு நாளாகத் தூக்கமில்லை.

ஒன்பது மணிக்கு மதுரை. வெற்றிலைக் கடையில், "கடைசல் பட்டறை எங்கே?" என்று கேட்டேன். கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தைக் காட்டினார்கள். போய் நின்றால், இரண்டு பக்கமும் மரத்தூள்; சிவப்பும் பச்சையுமாக அரக்குப் பூசிய தொட்டில் கட்டைகள். வாசலில் இருந்தவர் எங்களைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. எத்தனாவது மாசம்?"

நான் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், எங்களுக்குப் பிள்ளையில்லை. பேச்சிதான் சிரித்தாள்.

"எங்க ஊருல பாதித் தொட்டிலுக்கு ஆளு எடுத்துக் குடுத்ததே நான்தான் தம்பி. எங்க வீட்டுக்குத் தொட்டில் வேணாம். இவருக்குப் பித்தளை கடையணுமாம்."

அவர் பதறி எழுந்தார். "அட, மன்னிச்சுக்கங்கக்கா. கடைசல்னு கேட்டா இங்கதான் அனுப்புவாக. லேத்துன்னு கேக்கணும்ணே." வேலையைப் போட்டுவிட்டு, தெற்குமாசி வீதிப் பழைய இரும்புக் கடை வரைக்கும் கூடவே வந்து விட்டுப்போனார். வழியெல்லாம் நான் பேச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பதினோரு மணி. கடைக்காரர் காதர் பாய் இரண்டு லேத்துகளைக் காட்டினார். பெரியது பளபளவென்று இருந்தது. ஆனால் ஆயில் எஞ்சின் வைத்து ஓட்டவேண்டும். சின்னது காலால் மிதித்து ஓட்டுவது, அங்கங்கே துரு. மரை போடுவதற்கான பல்சக்கரங்கள் தகர டப்பாவில் தனியாகக் கிடந்தன. பல் தேய்ந்திருக்கிறதா, பிடியில் ஆட்டம் உண்டா, மிதி அறுந்தால் என்ன செய்வது என்று ஒரு மணி நேரம் கேட்டேன்.

"யா அல்லா! பொண்ணு பாக்க வந்தவுக மாதிரியில்ல கேக்குறாக?" என்றார் பாய்.

"என்னயப் பாக்க வந்தன்னிக்கு ஒரு வார்த்த கேக்கல பாய்," என்றாள் பேச்சி.

பாய் சிரித்துக்கொண்டே சின்னதில் உட்கார்ந்தார். நான் கொண்டுபோயிருந்த பித்தளைக் குழாயைப் பிடியில் மாட்டி, மிதித்து, மரை போட்டார். பிறகு, கூடக் கொண்டுபோயிருந்த மூடிக்கும் உட்புறமாகப் போட்டார். இரண்டையும் துடைத்து வாங்கி நான் பேச்சியிடம் கொடுத்தேன். உள்ளங்கையை மூடிமேல் வைத்துத் திருகினாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. கழற்றினாள். மறுபடி திருகினாள்.

"வலிக்குதா?"

"நீங்க பாக்குற பார்வைதான் வலிக்குது. இதையே எடுங்க."

எழுபத்தைந்து ரூபாய்க்கு முடிந்தது. சனிக்கிழமை பாரவண்டியில் அனுப்புவதாகப் பேச்சு.

மாலை மூன்று மணி, பஸ் நிற்குமிடம். எழுமலையில் மூன்று மணிக்கு ஒரு குரல் கேட்டால் அது யாருடையது என்று சொல்லிவிடலாம். இங்கே ஆயிரம் குரல். காலையில் அது பயமாக இருந்தது. இப்போது அவ்வளவாக இல்லை. பாரவண்டி குடை சாய்ந்தால், பல்சக்கர டப்பாவை மறந்துவிட்டால் என்று நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது பேச்சி சொன்னாள்:

"கீழத் தெரு ராக்குக்கு இது பெறுற மாசம். ராத்திரியானாலும் வாரேன்னு போனதும் சொல்லி அனுப்பணும்."

இதற்குத்தான் முப்பத்தொரு மைல் வந்தேன். ஆனால் அவள் வாயால் கேட்டதும், வரப்பும் வாய்க்காலும் பாம்பும் கண்முன் வந்துவிட்டன. போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பாத்துப் போ," என்றேன்.

"இன்னும் பஸ்ஸே ஏறல," என்றாள்.