காந்தா அறையில்தான் இருந்தாள்

காந்தாவைக் கேட்டால் உலகத்தில் மனுஷர்கள் இரண்டே வகை. குளித்த துண்டை ஒரு மூலையில் சேர்த்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை. அதே துண்டால் ஷூவைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. வெள்ளைக்காரன், நம்ம ஊர்க்காரன், சாதி, மதம் எல்லாம் அவளுக்கு அதற்கு அப்புறம்தான். எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் இருபது வருஷத்துக்கு மேலாக அறைகளைச் சுத்தம் செய்தவள். ஆள் இல்லாத அறையைப் பார்த்தே அதில் தங்கியிருப்பவரின் குணத்தைச் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் திட்டித்தான் சொல்வாள்.

அவள் மனசார வாழ்த்துகிற ஆள், கதவுக் குமிழில் ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ என்ற அட்டையை மாட்டிவைக்கிறவர். அட்டை தொங்கினால் அன்றைக்கு ஓர் அறை மிச்சம். துணிகள் அடுக்குகிற ரூமில் போய்க் கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்காரலாம். அட்டை தொங்குகிற கதவை யாரும் தட்டவே கூடாது, அது ஓட்டல் சட்டம். அதைவிடக் கண்டிப்பான சட்டம் ஒன்று உண்டு: அறையில் போன் அடித்தால் தொடக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே சூப்பர்வைசர், “போன் முட்டபேடா” என்று கன்னடத்தில் அதட்டிவைத்தார். தொட்டால் வேலை போச்சு. கூட வேலை பார்த்த முத்தம்மா ஒரு தடவை, பாவம், ரொம்ப நேரமாக அடிக்கிறதே என்று எடுத்துவிட்டாள். எதிர்முனையில் அந்த ஆளின் பெண்டாட்டி. புருஷன் அறையில் பெண் குரல் கேட்டு அந்தம்மா அங்கே ஆடிய ஆட்டத்தில், முத்தம்மா இங்கே சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அதற்குப் பிறகு எந்த அறையில் போன் அடித்தாலும் காந்தா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அது ஓயும்வரை நிற்பாள்.

கணவர் கிருஷ்ணப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் ஒரே மகன் சீனு. அதே ஊரில், ஆஸ்டின் டவுன் பகுதியில் ஒற்றை அறை வீட்டில் வைத்து அவனைப் படிக்கவைத்தாள். கெட்டிக்காரப் பையன், சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தான். இரண்டாயிரத்தொன்றில் கம்பெனி அவனைச் சிங்கப்பூருக்கு அனுப்பியபோது தெருவே திரண்டு வழியனுப்பியது. போகும் முன் அம்மாவுக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுத்துவைத்தான். “நீ பெருக்கினது போதும். உன்னையும் ஒரு ஓட்டல்ல தங்கவெச்சு ராணி மாதிரி ஊர் சுத்திக் காட்டறேன்” என்றான்.

ஓட்டலில் தங்கத்தான் செய்தாள். சிங்கப்பூர் போன சில மாதங்களிலேயே சீனுவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டுவிட்டார்கள். கம்பெனியே டிக்கெட் எடுத்து காந்தாவை விமானம் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஓட்டலில் அறையும் போட்டுக்கொடுத்தது. அவனோடு வேலை பார்க்கும் சேலத்துப் பையன் கிஷோர்தான் அவளுக்கு அங்கே கை, கால், வாய் எல்லாம்.

அவ்வளவு மெத்தையான கட்டிலில் அவள் ஆயிரம் தடவை விரிப்பு விரித்திருக்கிறாள், படுத்ததில்லை. ஓரமாக ஒருக்களித்துப் படுத்து எழுந்தாள். காலையில் வராந்தாவில் அறை சுத்தம் செய்கிற ஒரு சீனத்து அம்மாள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இவள் வயசுதான் இருக்கும். முழங்காலில் இறுக்கிக் கட்டிய பட்டை, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடை. காந்தாவுக்கு அந்த வலி எங்கே ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று தெரியும். அவளைப் பார்த்துச் சிரித்தாள். உள்ளே போய் அட்டையை எடுத்து வெளியே மாட்டினாள். அதன்பின் அந்த அட்டை இறங்கவே இல்லை. தினமும் தானே கட்டிலைச் சரிசெய்து, குளியலறையைக் கழுவி, குப்பையைப் பையில் கட்டிக் கதவோரம் வைத்தாள். தன்னால் அந்த அக்காவுக்கு ஓர் அறையாவது மிச்சமாகட்டும் என்பது அவள் கணக்கு. மகன் படுத்திருக்கும்போது எவளோ ஒருத்தியின் முழங்காலைப் பற்றி யோசிக்கிற மனசு அது. அந்த மனசைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மத்தியானம் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் பார்க்க விடுவார்கள். ஒரு நாள் மத்தியானம் போனபோது சீனுவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கஞ்சி இரண்டு வாய் குடித்தான். அவளையே அதட்டினான்.

“ஏம்மா, இவ்ளோ தூரம் வந்துட்டு ஆஸ்பத்திரி செவுத்தையே பாத்துக்கினு இருக்கியா? மாரியம்மன் கோயிலு இருக்குதாம். போய்ப் பாத்துட்டு வா.”

“நீ எழுந்து வாடா, ரெண்டு பேருமா போலாம்” என்றாள் காந்தா.

நேரம் முடிந்ததும் கிஷோர், “ஆன்ட்டி, நான் இங்கயேதான் இருக்கேன். நீங்க ரூமுக்குப் போய் ஒரு தூக்கம் போடுங்க. சாயங்காலம் வாங்க” என்று அனுப்பிவைத்தான்.

பல நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அன்றுதான் கீழே இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் தூக்கம் எங்கே வரும்? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். மெத்தையைத் தூக்கி விரிப்பின் மூலையை மடித்துச் சொருகும்போது போன் அடித்தது. இரண்டு கையும் தாமாகப் பின்னால் போயின. இந்த அறையில் தங்கியிருப்பது தான்தான் என்று அவளுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது, மறுபடி நின்றாள். மூன்றாவது தடவை அடித்தபோது குளியலறையில் இருந்தாள். யாரோ பாவம், விடாமல் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தபடியே தொட்டியைத் தேய்த்தாள்.

சாயங்காலம் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். முகப்பு மேசையில் இருந்த தமிழ்ப் பெண் ஓடிவந்தாள்.

“அம்மா, எப்போ வந்தீங்க? ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்களைத் தேடினாங்க. மூணு தடவை ரூமுக்கு அடிச்சோம். ஆள்கூட அனுப்பினோம். கதவுல அட்டை தொங்கினதால தட்டாம வந்துட்டாராம். சாரிம்மா.”

“அட்டை தொங்கினா தட்டக் கூடாதும்மா” என்றாள் காந்தா. பழக்கத்தில் வந்த பதில் அது. சொன்ன பிறகுதான் அந்தப் பெண் சொன்னது காதில் ஏறியது. செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுபோனதுகூடத் தெரியாமல் ஓடினாள்.

காய்ச்சல் விட்ட கையோடு உடம்பு உள்ளுக்குள்ளே உடைந்துபோயிருக்கிறது. டாக்டர்கள் எல்லாம் செய்து பார்த்துவிட்டார்கள். திரை இழுத்துவிட்ட கட்டிலுக்கு வெளியே கிஷோர் குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தான்.

“எங்க போயிட்டீங்க ஆன்ட்டி? கடைசி வரைக்கும் நெனவு இருந்துச்சு. அம்மா எங்க, அம்மா எங்கன்னு உங்களைத்தான் கேட்டான். அம்மா கெளம்பிட்டாங்கடா, வழியிலதான் இருக்காங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருந்தான்.”

காந்தா வாயைத் திறந்தாள். அறையில்தான் இருந்தேன், தொட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன் என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்?

“கோயிலுக்குப் போயிட்டேன்பா” என்றாள்.

கிஷோர் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அது பெரிய ஆறுதலாகப் போய்விட்டது. சீனுவை ஊருக்குக் கொண்டுவந்தபோது கூட வந்தவன், ஆஸ்டின் டவுனில் துக்கம் விசாரிக்க வந்த எல்லோரிடமும் அதைச் சொன்னான். தெருப் பெண்கள் கேட்டுக் கேட்டு அழுதார்கள். “பெத்தவ சாமி காலடியில நிக்கறப்ப போன உயிரு. உன்னை மாதிரி தாய் யாருக்குக் கெடைப்பா காந்தா?” என்றார்கள். அவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஓட்டல் வேலைக்கு அவள் திரும்பப் போகவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் யாராவது புதிதாகக் குடிவந்தால் தெருப் பெண்கள் அவளைக் காட்டி அந்தக் கோயில் கதையைச் சொல்கிறார்கள். அவள் எந்தக் கோயில் வாசலையும் மிதிப்பதில்லை. பிள்ளையைக் காப்பாற்றவில்லை என்று சாமி மேல் கோபம் போலிருக்கிறது, எந்தத் தாய்க்கும் இருக்கும்தானே என்று பேசிக்கொள்கிறார்கள். சாமி பாவம், அவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.