துணைப் பிரதமரை நான் வெட்டிய வெள்ளிக்கிழமை

துபாய் கராமாவில் அந்த ஸ்டுடியோ கதவைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது பிரிண்டிங் மெஷினின் கெமிக்கல் நெடிதான். வினிகரைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் விட்டது மாதிரி... பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த நெடி பிடிக்கிறது.

முதலாளி காயல்பட்டினத்துக்காரர். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவது அவர் ஊர் வழக்கம். அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் காக்காதான். ஃப்ரேம் அடிப்பது அவர். ஸ்கேன் பண்ணி, கீறல் எடுத்து, அளவுக்கு வெட்டுவது நான். பாஸ்போர்ட் போட்டோ, விசா போட்டோ என்று ஒரு நாளைக்கு எத்தனையோ முகம். என்னைவிடச் சுத்தமாக வெட்ட துபாயில் ஆளில்லை என்ற நினைப்பு வேறு...

ஒரு செவ்வாய்க்கிழமை எஸ்தர் மேடம் வந்தார். அஜ்மானில் ஒரு ஸ்கூலில் டீச்சர். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்காரர். நாட்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன், அது அவர்கள் குடும்ப விஷயம்.

பழுப்புக் கவரிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து வைத்தார். அவர்கள் நாடு சுதந்திரம் வாங்கிய அன்று எடுத்தது. கொடி ஏறுகிறது. நடுவில் கோட் போட்ட ஒருவர் சல்யூட் அடிக்கிறார். கூட்டம் முழுக்க மேலே பார்க்கிறது.

"வெள்ளிக்கிழமை எங்க அப்பாவுக்கு எண்பது வயசு. இதைப் பெருசாக்கி ஃப்ரேம் போட்டுக் கொடுங்க. அவர்கிட்ட இருக்கிறது இந்த ஒரே படம்தான்" என்றார் இங்கிலீஷில்.

படமோ நல்ல அகலம். கையில் இருந்த ஃப்ரேமுக்கு அது அடங்காது. ஒரு ஓரம் போயே ஆக வேண்டும். இடது ஓரத்தில் மெலிந்த ஆள் ஒருவர். எல்லோரும் கொடியைப் பார்க்க, அவர் மட்டும் குனிந்து கொடிக்கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யாரோ பியூன் என்று முடிவு பண்ணி கம்ப்யூட்டரில் வெட்டிவிட்டேன். நடுவில் நின்றவரின் முகத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் செலவழித்தேன். மேடத்தின் அப்பா அல்லவா...

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. மேடம் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் பெருமையாகக் காகிதத்தைப் பிரித்தேன்.

மேடம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அப்பா எங்கே?"

"இதோ, நடுவுல இருக்காரே."

"அது பிரதமர். எங்க அப்பா துணைப் பிரதமர். ஓரத்துல கயிறு பிடிச்சிட்டு இருந்தாரே, அவர்."

ஏசியிலும் எனக்கு வியர்த்துவிட்டது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். சில வருஷத்தில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அப்பா ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்தபோது நாட்டில் எந்தப் படத்திலும் அவர் இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில்கூட இதே படத்தை அவரை வெட்டித்தான் போட்டார்கள். வீட்டில் ஒளித்து வைத்திருந்த இந்த ஒன்றில் மட்டும் அவர் முழுசாக இருக்கிறார்.

"அவங்க வெட்டினது அரசியல். நீங்க எதுக்கு வெட்டினீங்க?"

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணிக்கு அஜ்மானில் விருந்து. அவர்கள் நாட்டு ஆட்கள் எல்லாம் இந்தப் படத்தைப் பார்க்க வருகிறார்கள்.

அப்போதுதான் பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "என்னை வெட்ட அவங்களுக்கு மூணு கேபினட் மீட்டிங் தேவைப்பட்டது. நீ ஒத்த ஆளா முடிச்சிட்டியே."

உள்ளேயிருந்து காக்கா வந்தார். திட்டுவார் என்று நின்றேன். "ஜும்மா தொழுகைக்கு நேரம் இருக்கு. நீ ஆள வெட்டாம பிரிண்டப் போடு வாப்பா. ஃப்ரேம நான் வெட்டிக்கிறேன்" என்று ரம்பத்தை எடுத்தார்.

மெஷின் ஓடும்போது, ஏன் குனிந்திருந்தீர்கள் என்று பெரியவரிடம் கேட்டேன்.

"கயிறு சிக்கிக்கிச்சு. பிரதமர் சல்யூட் அடிச்சாச்சு, பேண்டு வாசிக்கிறான், கொடி பாதியில நிக்குது. யாராவது சிக்கெடுக்கணுமில்ல? துணைப் பிரதமர்னா அந்த வேலைதான்."

ஜும்மாவுக்கு முன்னால் படம் முடிந்தது. "வெட்டினவன் சாப்பிடாம போகக்கூடாது" என்று பெரியவர் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

அஜ்மானில் மேடத்தின் சின்ன ஃபிளாட்டில் டிரைவர்கள், நர்ஸ்கள், செக்யூரிட்டிகள் என்று நிற்க இடமில்லை. நிலக்கடலைக் குழம்பில் கோழி... அப்படி ஒரு ருசியை அதற்கு முன் நான் சாப்பிட்டதில்லை.

யூனிஃபார்மோடு டூட்டியிலிருந்து நேராக வந்த ஒரு செக்யூரிட்டி படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "எங்க பாடப்புத்தகத்துல இந்தப் படம் இருந்துச்சு. ஓரத்துல கயித்தப் பிடிச்சபடி ஒரு கை மட்டும் தெரியும். அது யார் கைன்னு கேட்டு டீச்சர்கிட்ட அடி வாங்கியிருக்கேன்."

பெரியவர் தட்டைக் கீழே வைத்தார். வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கைதான்."

வீடே அதிர்ந்தது. செக்யூரிட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எஸ்தர் மேடம் அழுதுகொண்டே சிரித்தார். சந்தோஷத்தில் எனக்கும் கண் கலங்கிவிட்டது. கூடவே ஒரு வெட்கமும். அவர்கள் வெட்டியதிலாவது கை மிச்சமிருந்தது... நான் வெட்டியதில் அதுகூட இல்லை. அவ்வளவு சுத்தமான வேலைக்காரன் நான்.

பெரியவர் இப்போது இல்லை. காக்கா ஊரோடு போய்விட்டார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். அன்றைக்கு ஒரு ஆளை வெட்ட ஸ்கேனர், கம்ப்யூட்டர், நான் என்று இத்தனை பேர் வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு விரல் போதும்.

போன வாரம் கடற்கரையில் குடும்பமாகப் படம் எடுத்தோம். பின்னால் யாரோ ஒருவர் ஐஸ்கிரீமோடு நின்றிருந்தார்.

"டாட், ஒன் செகண்ட், அவரை எரேஸ் பண்ணிடறேன்" என்றாள் மகள்.

"வேண்டாம்மா."

"பட் வீ டோன்ட் ஈவன் நோ ஹிம்."

"நமக்குத் தெரியாது. அவங்க வீட்டுல தெரியும்ல."

தோளைக் குலுக்கிவிட்டு விட்டுவிட்டாள். அந்தப் படம்தான் இப்போது என் போனின் முகப்பில். ஓரத்தில் அவர் முழுசாக நிற்கிறார், ஐஸ்கிரீமோடு.