பூனை போன பின்னும் ஈரம்

எங்கள் வீட்டுப் பூனைக்கு மண்ணைப் பறித்து மூடும் பழக்கமே கிடையாது. பனியனுக்குப் பேர்போன எங்கள் ஊரில், ராயபுரத்து எங்கள் சந்து முழுக்க சிமெண்ட். மண்ணுக்கு எங்கே போவது? கீழ்த்தளத்தில் அப்பாவும் சித்தப்பாவும் நடத்திய பனியன் யூனிட்டில் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி, நாங்கள் வேஸ்ட் என்போமே, அது மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதில் வெள்ளையாகப் பொறுக்கி ஓர் உடைந்த தொட்டியில் போட்டு வைப்போம். பூனை மகாராணி மாதிரி அதில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகும்.

இரண்டாம் முறை குட்டி போட்டதும் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. மாட்டாஸ்பத்திரியில் கருத்தடை ஆபரேஷன் செய்து கொண்டுவந்தார்கள். தையல் ஆறி முடி முளைத்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. பூனை தொட்டியை விட்டுவிட்டுச் செருப்பில் ஒன்றுக்குப் போனது, அரிசி மூட்டையோரம் போனது, எக்ஸ்போர்ட் பீஸ் மேலும் போனது. ஓடி ஒளிவதெல்லாம் இல்லை. நம் முகத்தையே பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல், சொட்டுச் சொட்டாகப் போகும். நீர்ப்பையில் ஏதாவது நோவு இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படி நினைக்க வீட்டில் ஆளில்லை.

"வயித்த அறுத்ததுக்குப் பழி வாங்குதுங்க தம்பி. புள்ளத்தாச்சி இருக்கிற ஊட்டுக்கு இது ஆகாதுங்க" என்று அம்மா சித்தப்பாவிடம் சொன்னார்.

பிள்ளைத்தாச்சி என்றது சித்தியை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து எங்கள் யூனிட்டுக்குச் செக்கிங் வேலைக்கு வந்து, சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டவர். முந்தின வருஷம் உண்டான கரு தங்கவில்லை. யாரிடம் பேசினாலும் அம்மா அதை ஒரு பெருமூச்சோடு சேர்த்துக்கொள்வார். இந்த முறையாவது தங்கவேண்டுமே என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் சித்தியின் மெத்தையில், அரக்கு நிற விரிப்பின் மேல், ஈரம். சித்தி சுவரோரமாக நின்றுகொண்டு "பூனைதான்" என்றார். அம்மா தொட்டுப் பார்த்து, இன்னும் சூடு ஆறவில்லை என்று கத்தினார். நானோ அந்த நேரம் வரைக்கும் மொட்டை மாடியில் பூனையை மடியில் போட்டுக்கொண்டிருந்துவிட்டு அப்போதுதான் இறங்கி வந்திருந்தேன். சொன்னேன். "நீ சும்மா இரு கண்ணு" என்றார் அம்மா. ஒரே பூனை எப்படி இரண்டு இடத்தில் இருக்கும் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் சித்தப்பா பூனையைச் சாக்கில் கட்டி, டெம்போவில் உடுமலைப்பேட்டைப் பக்கம் கொண்டுபோய், ஒரு தென்னந்தோப்பில் விட்டுவிட்டு வந்தார். நான் சோறு தின்னாமல் அழுதேன்.

ஆனால் பூனை போகவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தொட்டியிலிருந்த வெள்ளை வேஸ்ட் குறைந்துகொண்டே வந்தது. மிச்சத் துணியில் புதிதாக ஒரு குழி தெரியும். பூனை உட்கார்ந்த குழி என்று நினைத்துக்கொள்வேன். குளியலறைக்குப் பின்னால் குப்பைக்கூடையின் அடியில் அதே துண்டுகள் நனைந்து சுருண்டு கிடந்தன. தரையில் சில சமயம் சொட்டுகள், சித்தியின் அறை வரைக்கும். காலடித் தடம் இல்லை. நான் பூனைக்கு வைத்த பால், ஆடை படிந்து அப்படியே இருந்தது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஒருநாள் கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பூனை வாடையே இல்லை. நிமிர்ந்தால் சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"சித்தி, பூனை திரும்பி வந்துருச்சுங்க!"

சித்தி என் முகத்தையே பார்த்தார், பூனை பார்க்குமே, அதே மாதிரி. பிறகு என் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டார்.

"ஆமாட்டி, பூனைதான். உங்கம்மைட்ட சொல்லிராத, என்ன? தெரிஞ்சா மறுபடியும் கொண்டு விட்டுருவாவ."

நான் மூச்சு விடவில்லை. பூனையைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் அல்லவா இருந்தது!

பிறகு ஒரு சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த முறையும் கரு தங்காமல் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். அதற்குப் பின் தொட்டியில் வேஸ்ட் குறையவே இல்லை. பூனை கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தேன்.

அன்றைக்கு முகர்ந்து பார்த்த அந்தத் துண்டு வெளிர்சிவப்பாக இருந்ததை நான் நன்றாகத்தான் பார்த்தேன். ஆனால் சாயப்பட்டறைகள் நிறைந்த எங்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீரே சிவப்பாகப் போகும். துணியில் சிவப்பைக் கண்டால், சாயம் போயிருக்கிறது என்றுதான் நினைப்போம்.