பிளம் காய்த்தால் இருப்போம்

போன வாரம் மலாக்காவில் கிளேபாங் பக்கம் ஒரு கடையில் பிளம் பழத்தை எடுத்து முகர்ந்துகொண்டே நின்றிருக்கிறேன். "ஆண்ட்டி, நல்ல பழம்தான் லா, புளிக்காது" என்று கல்லாவில் இருந்த பெண் சொன்ன பிறகுதான் அசடு வழிந்தேன். புளிப்பைப் பற்றி எனக்கென்ன? காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று வருஷம் வளர்ந்த செடியின் பழம் எப்படி மணந்திருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அது ஒரு பிஞ்சுகூட விடவில்லை, பாருங்கள்.

அப்பா அரசாங்க ஸ்டோரில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் அடைவதற்கு, முன்பே மூட்டை கட்டிய துரை ஒருவர், தொட்டியோடு ஒரு குட்டைப் பிளம் செடியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இடுப்பு உயரம்தான் வளரும், ஆனால் கூடை கூடையாகக் காய்க்கும் என்றாராம். சீமையில் காய்க்கும், சரி. மலாக்கா வெயிலில்? அதைத் துரையும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

அப்போது ஊரே குழம்பிக் கிடந்தது. பிரஜாவுரிமைக்கு மனுப் போடுவதா, நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுவதா? எங்கள் வீட்டில் குழப்பம் கொஞ்சம் கூடுதல். அம்மா ஒரு நாள் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைப்பாள்; மறுநாள் கோழிக்குப் புதுக் கூண்டு அடிக்கச் சொல்வாள். நான் அப்போதுதான் ஆற்றோரம் ஒரு ரப்பர் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். முதல் சம்பளத்தில் வாங்கிய குதிகால் செருப்போடு போய் வயல் வரப்பில் நடப்பதா? எனக்கு இங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் வீட்டில் என் பேச்சு எடுபடாது.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். "பிளம்மு காய்ச்சா இருப்போம். காய்க்கலேன்னா கப்பல்தான்."

அடக் கடவுளே, என் பிழைப்பு அந்தக் குச்சியின் கையில்! மீன் கழுவிய தண்ணீரை நான் ஊற்றினேன். குளிர் வேண்டுமாமே என்று அப்பா ஐஸ் கடையிலிருந்து மரத்தூள் ஒட்டிய கட்டியை வாங்கி வந்து வேரடியில் வைப்பார். டீ குடித்து முடிப்பதற்குள் அது கரைந்துவிடும். செடிக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒரு கிளை இலையுதிர்க்கும், அதே நேரம் பக்கத்துக் கிளை துளிர்க்கும். நாங்கள் 'பிபி' என்று கூப்பிட்ட பக்கத்து வீட்டு அம்மாள் மலாக்காச் செட்டி; தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் தமிழர் வம்சம், தமிழ் வராது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "பானாஸ் சினி, மானா போலே புவா?" என்று சிரிப்பாள். இந்த வெக்கையில் எங்கே காய்க்கும் என்கிறாள். வாயை வைக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

பிரஜாவுரிமை மனுவுக்குக் கெடு நெருங்கியது. ஓர் அமாவாசைக் காலையில் அப்பா பாராங் கத்தியோடு செடி முன்னால் போய் நின்றார். காய்க்காத மரத்தை மிரட்டும் பழக்கம் நம்மிடம் உண்டல்லவா? ஒருவர் கத்தியை ஓங்கி "வெட்டவா?" என்பார், இன்னொருவர் "வேணாம், அடுத்த வருஷம் காய்க்கும்" என்று மரத்துக்காக வாக்குக் கொடுப்பார். வாக்குக் கொடுக்க வேண்டியது அம்மா.

"காய்க்க மாட்டியா? வெட்டவா?"

அம்மா பேசவில்லை.

"வெட்டவா?" அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அவள் முந்தானையைப் பிடித்தபடி சும்மா நின்றாள். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

மூன்றாவது முறையும் அப்பா கேட்டுப் பார்த்தார். ஓங்கிய கத்தியை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர், கடைசியில் தானே, "சரி சரி, வேணாம். அடுத்த வருஷம் காய்ச்சிரும்" என்றார். மத்தியானமே போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுப்படிக்குப் போய், "ஏம்மா வாயே திறக்கல?" என்றேன்.

"நான் வேணாம்னு சொல்லியிருந்தா, நாளைக்கு ஒண்ணுன்னா 'உன்னாலதான் இங்க கெடந்தோம்'பாரு. அவரு வாயாலயே வரட்டும்னு விட்டேன்."

என்ன கெட்டிக்காரி என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போகும் புடவையை இஸ்திரி போட உட்கார்ந்தேன்.

செடி அடுத்த மழையில் வேரழுகிச் செத்தது. யாரும் கவனிக்கக்கூட இல்லை. வீடு இருந்த இடத்தில் இப்போது கார் பழுது பார்க்கிறார்கள். அப்பா போனார், அம்மாவும் போனாள். அவளுக்கு நாகூரில் ஒரே ஒரு தங்கை. கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. அக்காளும் தங்கையும் கடைசிவரை பார்த்துக்கொள்ளவே இல்லை. அப்பா அந்தச் செடியை மூன்று தடவை கேட்டார். "உனக்குப் போகணுமா, இருக்கணுமா?" என்று அம்மாவை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.