ஊதி அணைக்காத எட்டு மெழுகுவத்திகள்

விலை சொல்லுவது எனக்கு வராது. காய்க்காரர் வாசலுக்கு வந்தால்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன். வேண்டாம் என்பதற்கும் குறையுங்கள் என்பதற்கும் ஒரே தலையாட்டல்தான். எது என்று அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட நான் அறுபத்தெட்டு வயதில் மெழுகுவத்தி வியாபாரத்தில் இறங்கினேன்.

மகள் செல்போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பழகியது அது. ஒல்லியான மெழுகுவத்தி ஒன்றை அச்சின் நடுவில் நிறுத்தி, சுற்றிலும் காய்ந்த பூவையும் இலையையும் வைத்து, உருக்கிய மெழுகை ஊற்ற வேண்டும். ஆறிய பிறகு உருவினால், பனிக்குள் பூ நிற்பது மாதிரி இருக்கும். வாடாமல்லி, திராட்சைக் கொழுந்து, ஏலக்காய் என்று என்னென்னவோ வைத்துப் பார்த்தேன். பூவைக் கனமான புத்தகத்தில் வைத்துக் காயவிடச் சொன்னது வீடியோ. அஞ்சாவது படித்தவளிடம் ஏது புத்தகம்? என் வீட்டுக்காரர் கம்பத்தில் திராட்சை மண்டியில் கணக்கெழுதியவர். அவருடைய பழைய பேரேடுகள் பீரோவில் சும்மாதானே கிடந்தன.

அவருக்குக் கோபம் பேரேட்டைப் பற்றி இல்லை, டீயைப் பற்றி. எங்கள் அடுப்பில் ஒரு பக்கம்தான் ஒழுங்காக எரியும். மெழுகு இறங்கினால்தான் டீ ஏறும்.

தேனி கடைவீதியில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, பக்கத்து வீட்டில் நான் கொடுத்த மெழுகுவத்தியைப் பார்த்திருக்கிறார். தன் மகள் கல்யாணத்துக்கு மேசைக்கு மேசை வைக்க இருபத்தைந்து வேண்டும், வியாழக்கிழமை வருகிறேன், விலை சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

"அடக்க விலைய நான் போட்டுத் தாரேன்," என்றார் வீட்டுக்காரர். "அந்த விலைக்கு வாங்குனாகன்னா நீ செய்யி. இல்லையா, மெழுக விட்டுரு. எனக்கு அடுப்பு வேணும்."

பூ வைத்து ஊற்றுகிற அந்தக் கை வேலை எனக்குப் பிடித்துப் போயிருந்தது.

மெழுகு, திரி, வாசனை எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு எண்பது ரூபாய் என்று எழுதினார்.

"மொத்தம் எத்தன ஊத்துன?"

"பக்கத்து வீட்டுக்குக் குடுத்தது போக பதினாறு."

"அலமாரில எட்டுதான இருக்கு?"

"மிச்சம் எரிஞ்சிருச்சு."

"யாரு எரிச்சா?"

"நாந்தான். பூவுல தீப் பிடிக்குதான்னு பாக்க வேண்டாமா?"

"அதுக்கு அரைமணி நேரம் பத்தாதா? அடிமட்டம் வரைக்குமா எரிப்பாக?"

ஏற்றிய விளக்கை வாயால் ஊதுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. குத்துவிளக்கு என்றால் பூவால் தொட்டுக் குளிர வைப்போம். மெழுகுவத்தியிலும் அப்படிச் செய்து பார்த்தேன். அந்தப் பூவும் சேர்ந்து எரிந்தது. அதனால் காலையில் ஏற்றி, அது தானாக மலையேறும் வரை எதிரிலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். இதைச் சொன்னதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதான் எட்டு நாளா முருங்கக்கீரையா?"

எரிந்த எட்டின் செலவையும் இருக்கிற எட்டின் தலையில் ஏற்றினார். ஒன்று நூற்றறுபது. என் கூலி நாற்பது. இருநூறு என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "ஒருத்தரும் வாங்க மாட்டாக," என்று நிம்மதியாகச் சொன்னார்.

வியாழக்கிழமை அந்த அம்மா வந்தார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்த வச்சுப் பாக்கலாமா பெரியம்மா?"

தீப்பெட்டியைக் கொடுத்தேன். சுடர் ஆடாமல் நின்றது, பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி சாயங்காலம் வரை இவரை உட்கார வைக்க வேண்டுமே என்று கீரை முறத்தை எடுத்தேன். அவர் குனிந்து ஒரே மூச்சில் ஊதி அணைத்துவிட்டார். முறம் என் கையிலிருந்து நழுவியது.

"ஊதிட்டீகளே."

"மெழுகுவத்திய ஊதாம வேறென்ன செய்ய? மிச்சத்த உருக்கி மறுபடி ஊத்திக்கிருங்க."

நான் படித்த கணக்கெல்லாம் அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வந்தது. எட்டு எரிந்திருக்கவே வேண்டாம். எண்பதும் நாற்பதும் நூற்றிருபது.

"என்ன விலை?"

கையில் இருந்த சீட்டை நீட்டினேன். வேறு சீட்டு இல்லையே.

"இருநூறா? நூத்தம்பதுன்னு வைங்க."

நூற்றிருபது என்பது தொண்டை வரை வந்தது. ஆனால் எனக்குத்தான் விலை சொல்ல வராதே. தரையைப் பார்த்தேன்.

"சரி, நூத்தியெழுபது."

கால் விரலால் தரையைத் தேய்த்தேன்.

"பேசாமயே சாதிக்கிறீகளே பெரியம்மா," என்று சிரித்தார். "இருநூறே இருக்கட்டும். இருபத்தஞ்சும் நீங்களே செய்ங்க."

உள்ளே என் வீட்டுக்காரர் இருமினார்.

மறுநாள் சம்பங்கி வைத்துப் புதிதாக ஒன்று ஊற்றி, சோதிக்க ஏற்றினேன். அரைமணி நேரம் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"இங்கன வந்து இத ஊதிட்டுப் போங்க."

"நானா?"

"அந்தக் கடைக்காரம்மா ஊதுனாக. ஒண்ணும் ஆகல."

சாமி படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, மெதுவாக ஊதினார். புகை அடங்கியதும் மெழுகுவத்தியைக் கையில் எடுத்து அளவு பார்த்தார். ஒரு விரல்கூடக் குறையவில்லை. அவர் உதடு முணுமுணுக்க ஆரம்பித்தது.

"அப்ப நூத்தி இருவதுதான..."

மெழுகை இறக்கிவிட்டு டீயைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். நன்றாகவே மெழுகு வாசம் அடித்தது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, பேரேட்டில் இருநூறு என்றே எழுதினார்.