ஐஸ்லாந்து வலையும் அக்காவின் பச்சை ஒயரும்

என் அக்காவுக்குக் கிழிந்த எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. இந்த ஒரு குணத்தால் அறுபதுகளின் கடைசியில் என் வேலை போகப் பார்த்தது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

அப்போது பம்பாய் கோட்டைப் பகுதியில் ஒரு கலைக்கூடத்தில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். படங்களுக்குக் கீழே ஒட்டும் சீட்டுகளை டைப் அடிக்க வேண்டும். வருகிறவர்களிடம் "தொடாதீர்கள்" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் மேனேஜரின் டிராயரில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அதற்காக நானும் ஆறு மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

தாராவியில் அக்கா வீட்டில்தான் ஜாகை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என்னை வரவழைத்ததும், டைப்பிங் வகுப்பில் சேர்த்ததும் அவள்தான். அத்தானுக்குத் தோல் பட்டறையில் வேலை. அக்கா வீட்டிலிருந்தபடியே பிளாஸ்டிக் ஒயர்க் கூடை பின்னி மாட்டுங்கா மாமிகளுக்கு விற்பாள். என் சாப்பாட்டு டப்பாவுக்கும் கிளிப்பச்சை ஒயரில் ஒரு பை பின்னித் தந்திருந்தாள். அது தினமும் ஆபீசில் என் நாற்காலி முதுகில் தொங்கும்.

அந்தச் சமயத்தில் ஐஸ்லாந்திலிருந்து ஒரு கண்காட்சி வந்தது. அந்தத் தேசம் எங்கே இருக்கிறது என்று உலகப் படத்தில் தேடவே எனக்கு அரை நாள் பிடித்தது. பனிமலைப் படங்கள் இருக்கும் என்று நினைத்துப் பெட்டிகளைத் திறந்தால் வீட்டுச் சாமான்களாக வந்தன. ஒரு கம்பளிக் கையுறைக்கு இரண்டு கட்டைவிரல். உள்ளங்கைப் பக்கம் தேய்ந்தால் அங்கத்து மீன்பிடிக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்வார்களாம். கடலில் மிதந்து வந்த கட்டையில் செதுக்கிய கரண்டிகள் இருந்தன. சமையலறை ஜன்னல் ஒன்றை, வெளியே காய்கிற மீனோடு சேர்த்து அப்படியே துணியில் நெய்திருந்தார்கள். நடுக்கூடத்தில் சாம்பல் நிறக் கம்பளி நூலில் முடிச்சுப் போட்ட ஆளுயர வலை. அதன் நடுவில் முறம் அகலத்துக்கு ஓர் ஓட்டை.

வலையைச் செய்த அம்மாளும் கூடவே வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், பேச்சு குறைவு. தன் ஊர்க் கரையில் தினமும் கண்ணில் படுகிறதைத்தான் செய்கிறேன் என்றார். தினமும் பார்க்கிறதைப் பார்க்கவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அக்காவிடமும் சொன்னேன்.

"கிழிஞ்ச வலையவா தொங்க விட்டுருக்காவ? பாக்கணுமே" என்றாள் அக்கா.

சும்மா சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒயர் வாங்க மார்க்கெட்டுக்கு வந்தவள், அப்படியே கலைக்கூடத்துக்கும் வந்து நின்றாள். ஒரு சுற்றுக் காட்டிவிட்டு, "பாத்துக்கிட்டு இரு, வந்துருதேன்" என்று சொல்லி நான் டைப் அடிக்கப் போனேன். இருபது நிமிடம் இருக்கும். மேனேஜர் போட்ட சத்தத்தில் ஓடிவந்தேன்.

வலையில் ஓட்டையைக் காணோம். சாம்பல் நிறக் கம்பளிக்கு நடுவில் பளபளவென்று கிளிப்பச்சை ஒயர் ஒட்டு, முடிச்சு முடிச்சாக, ஒரு கட்டம்கூடப் பிசகாமல். அக்கா கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் முகம் சிவந்துபோயிருந்தது. என்னைப் பார்த்து, "யே பாயி கோன் ஹை? தும் ஜான்தா ஹை?" என்றார்.

இந்தப் பெண் யார், உனக்குத் தெரியுமா என்று கேட்கிறார். எனக்கு அவர் தெரியவில்லை, அவர் டிராயர்தான் தெரிந்தது. "நை மாலூம், சாப்" என்றேன்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன். பத்து வருஷம் தாராவியில் இருந்தவளுக்கு அந்த ஹிந்தி புரியாதா? அக்கா கையிலிருந்த ஒயரை மெதுவாகக் கீழே வைத்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான். காட்டிக் கொடுக்கவில்லை.

அதற்குள் அந்த அம்மாள் வந்துவிட்டார். ஒட்டை வெகு நேரம் பார்த்தார். ஏன் இப்படிச் செய்தாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேனேஜர் என்னை முன்னே தள்ளி, "நீயும் மதராஸிதானே, கேட்டுச் சொல்லு" என்றார். சொந்த அக்காவுக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில், யாரோ போல நான் துபாஷியாக நின்றேன்.

"ஓட்ட இருந்தா மீனு நிக்குமா, சார்?" என்றாள் அக்கா. "பாவம், ஒயரு கிடைக்காத ஊரு போலன்னு நெனச்சேன்."

சார்! அதுவரை "ஏல" என்பதைத் தவிர அவள் வாயால் நான் வேறு பெயர் கேட்டதில்லை.

ஓட்டையும் தன் வேலைதான், அது சரியாக வர ஒரு மாதம் ஆயிற்று என்றார் அந்த அம்மாள். சொன்னேன்.

"ஓட்ட போட ஒரு மாசமா?" என்று அக்கா கையைத் தாடையில் வைத்துக்கொண்டாள்.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? "ஷி இஸ் ஸாரி" என்றேன்.

"நான் எப்ப ஸாரி சொன்னேன், சார்?" என்றாள் உடனே.

அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். ஆனால் ஒட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். கத்தரிக்கோலுடன் வந்த மேனேஜரை அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். வெட்டினால் கம்பளியும் அறுந்துபோகும். இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து ஓரத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். ஒட்டு ஒரு சின்னப் பாய் மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. அந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முடிச்சைப் போடச் சொல்லிக் கற்றுக்கொண்டார். பிறகு வலைக்குப் பக்கத்துச் சுவரில் தானே மாட்டினார். கண்காட்சி முடிகிற சனிக்கிழமை வரை இருக்கட்டும் என்று கேட்டார்.

"சனிக்கிழமை கண்டிப்பா வேணும், சார். மாமி கூடைக்குக் கைப்பிடி போட வச்சிருந்த ஒயரு" என்றாள் அக்கா. சீட்டில் போடப் பெயர் கேட்டதற்குச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். 'ஒட்டு. பிளாஸ்டிக் ஒயர். தாராவி' என்று மட்டும் அடித்தேன்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீட்டுக்குப் போனால், "வாங்க சார், கை கழுவுங்க சார்" என்று வரவேற்பு. தட்டில் சோறு எப்போதும்போல் குவிந்திருந்தது, மீன்குழம்பும் இருந்தது. அத்தான் ஒன்றும் புரியாமல், "என்னலே, ஒனக்குப் பிரமோசனா?" என்றார். அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சனிக்கிழமை வரை மூன்று நாளும் இதே கதைதான். பகலில் ஆபீசில், வந்தவர்களெல்லாம் பச்சை ஒட்டின் முன்னால் நின்று வாயைப் பிளந்து, செய்தது யார் என்று என்னைக் கேட்டார்கள்.

சனிக்கிழமை மாலை அக்கா வந்தாள். ஒட்டைத் தன் ஊருக்குக் கொண்டுபோக விரும்புவதாகவும், கேட்ட விலை தருவதாகவும் அந்த அம்மாள் சொன்னார். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மாமிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. சரி என்று அந்த அம்மாளே கழற்றிக் கொடுத்தார். பிறகு, இத்தனை பேர் வந்து பார்த்தார்களே, உன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லையா என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்க்காமலே, "தம்பி ஒருத்தன் இருக்கான். அவனுக்குச் சோலி அதிகம், வரதுக்கு நேரமில்லன்னு சொல்லுங்க, சார்" என்றாள்.

இதை மட்டும் என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. "நான்தான் அந்தத் தம்பி" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மேனேஜர் பக்கம் திரும்பி, "மேரீ பெஹன் ஹை, சாப். அன்றைக்குப் பொய் சொன்னேன்" என்று ஹிந்தியிலும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது.

மேனேஜர் என் நாற்காலியைக் காட்டினார். முதுகில் டப்பாப் பை, அதே கிளிப்பச்சை, அதே முடிச்சு.

"எனக்குக் கண் இல்லையா? முதல் நாளே தெரியும். நீ எப்போது சொல்லுவாய் என்றுதான் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தேன். திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த லட்சணம் அது!

அக்கா நேரே என் நாற்காலிக்குப் போனாள். பையிலிருந்த டப்பாவை வெளியே எடுத்தாள். காலிப் பையை அந்த அம்மாளின் இரண்டு கைகளிலும் வைத்து, விரலை மூடிவிட்டாள். காசு எடுக்கப் போனவரைத் தடுத்தாள். பிறகு டப்பாவை என் நெஞ்சில் இடிப்பதுபோல் நீட்டினாள்.

"ஏல, இதப் பிடி. ரயிலுக்கு நேரமாச்சு."